வேளாண் ஆராய்ச்சிக்கு அரசு நிதி: கருவிக்குக் கேட்கிறோம், வயலுக்குக் கேட்பதில்லை

புதிய வேளாண் தொழில்நுட்பம் என்று சொல்லிப் பல்கலைக்கழகங்களிலிருந்து அரசு நிதிக்குப் போகும் முன்மொழிவுகளின் பட்ஜெட் பக்கம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். சென்சார், ட்ரோன், சர்வர், மென்பொருள் உரிமம் என்று கருவிகளுக்குத் தனித்தனி வரி. கடைசியில் ‘வயல் பணிகள்’ என்று ஒரே ஒரு வரி, அதற்குத் தோராயமாக ஒரு தொகை. பிறகு திட்டம் தடுமாறுவது அந்த வரியில்தான். கருவி ஓடும், ஆனால் அதனால் விவசாயிக்குப் பலன் உண்டா என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் கையில் இருக்காது. அரசு பணம் கொடுப்பதே அந்தப் பதிலுக்காகத்தான்.

மண் ஈர சென்சார் சொல்கிறபடி சொட்டுநீர் வால்வைத் தானாகத் திறந்து மூடும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சறுக்கும் இடங்கள் எல்லாம் இதில் தெளிவாகத் தெரியும்.

முதலில், எதோடு ஒப்பிடுகிறோம்? பல முன்மொழிவுகளில் ஒரு பக்கம் வாய்க்கால் பாய்ச்சல், மறுபக்கம் சென்சாரோடு சொட்டுநீர் என்று இரண்டே ட்ரீட்மென்ட் (ஒப்பிட்டுப் பார்க்கும் முறை) இருக்கும். தண்ணீர் மிச்சமாகும், சந்தேகமில்லை. அதைச் சொட்டுநீர்க் குழாய் மிச்சப்படுத்தியதா, சென்சார் மிச்சப்படுத்தியதா என்று பிரிக்க வழியே இல்லை. குறைந்தது நான்கு வேண்டும்: இப்போதுள்ள வழக்கமான பாசனம், நாள் கணக்கு வைத்து சொட்டுநீர், நீராவிப்போக்கை (மண்ணும் பயிரும் ஆவியாக இழக்கும் தண்ணீரை) கணக்கிட்டு சொட்டுநீர், சென்சார் சொல்கிறபடி சொட்டுநீர். மூன்றாவதுதான் முக்கியமான போட்டியாளர். வானிலைத் தரவை வைத்துப் போடும் எளிய கணக்கே சென்சார் அளவுக்கு மிச்சப்படுத்திவிட்டால், சென்சாருக்குச் செலவு செய்ய என்ன நியாயம்? ஒவ்வொரு பாத்திக்கும் போகும் தண்ணீரை அளக்கத் தனித்தனி மீட்டரும், அவற்றுக்கு முன்னால் வடிகட்டியும் வேண்டும். மோட்டார் ஓடிய நேரத்தைப் பெருக்கித் தண்ணீர்க் கணக்குப் போட்டால், அழுத்தம் குறைந்த நாளெல்லாம் கணக்குப் பிசகும்.

அடுத்தது ரெப்ளிகேஷன், அதாவது ஒவ்வொரு ட்ரீட்மென்ட்டையும் எத்தனை பாத்திகளில் திரும்பச் செய்கிறோம் என்பது. நான்கு ட்ரீட்மென்ட், மூன்று ரெப்ளிகேஷன் என்று போட்டால், ரேண்டமைஸ்டு பிளாக் வடிவமைப்பில் (வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா ட்ரீட்மென்ட்டையும் குலுக்கிப் போடுவது) பிழைக்கான சுதந்திரப் படிகள், அதாவது தற்செயல் வேறுபாட்டை மதிப்பிடக் கிடைக்கும் தகவலின் அளவு, (4−1)×(3−1) = 6. பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது என்பது வயல் சோதனையில் பழகிய விதி. ஐந்து ரெப்ளிகேஷன் போட்டால் அந்த 12 கிடைக்கும். அதோடு வேலை முடிவதில்லை. நிர்வாகம் நன்றாக உள்ள வயலிலும் மகசூலின் மாறுபாட்டுக் கெழு (பாத்திக்குப் பாத்தி வரும் தற்செயல் ஏற்ற இறக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 12 சதவீதம் இருப்பது சாதாரணம். அந்த நிலையில் நான்கு ரெப்ளிகேஷனுக்கு கிரிட்டிகல் டிஃபரன்ஸ் (தற்செயல் அல்ல என்று சொல்ல இரண்டு ட்ரீட்மென்ட்டுக்கு இடையே தேவைப்படும் குறைந்தபட்ச வித்தியாசம்) சராசரி மகசூலில் ஏறக்குறைய 19 சதவீதம். எட்டுக்கு 12.5. பன்னிரண்டு போட்டால்தான் 10 சதவீதத்தைத் தொடும். ‘மகசூல் 10 சதவீதம் உயரும்’ என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு வடிவமைப்பில் நான்கு ரெப்ளிகேஷன் போட்டிருந்தால், அந்த முன்மொழிவு தன் வாக்குறுதியைத் தானே சோதிக்க முடியாத நிலையில் இருக்கிறது. பன்னிரண்டிலும்கூட, உண்மை வித்தியாசம் சரியாக 10 சதவீதமாக இருந்தால் அது சோதனையில் பிடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தாலே நிறைய பணம் வீணாகாமல் தடுக்கலாம்.

பன்னிரண்டு ரெப்ளிகேஷன் என்றால் 48 பாத்தி. ஒரே இடத்தில் போடுவதைவிட மூன்று இடங்களில் நான்கு நான்காகப் போடுவது மேல். பாத்தி எண்ணிக்கை அதேதான், ஆனால் மூன்று வகை மண்ணில் விடை கிடைக்கும், ஒரு வயல் வெள்ளத்தில் போனாலும் மற்ற இரண்டு மிஞ்சும். ஆனால் ஆள் செலவு கூடும், அதை மறைக்காமல் பட்ஜெட்டில் எழுத வேண்டும். ஓர வரிசைகளை விட்டுவிட்டு உள் வரிசைகளை மட்டும் பாத்தி வாரியாக அறுத்து எடை போட, அந்த வாரத்துக்கு எத்தனை ஆள், எத்தனை தராசு, எத்தனை சாக்கு என்று இறங்கி எண்ணுங்கள். அறுவடையை ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் பிளாக் கணக்கில் நிறுத்தலாம், ஒரு பிளாக்கின் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நாள் வித்தியாசம் ட்ரீட்மென்ட் வித்தியாசத்தோடு கலந்துவிடும்.

இனி சென்சார். விலை குறைந்த கெபாசிட்டிவ் சென்சார் நேரடியாகத் தண்ணீரை அளப்பதில்லை, மண்ணின் மின்கடவாப் பண்பை (மின்புலத்தில் மின்னாற்றலைத் தேக்கும் திறனை) அளக்கிறது. தண்ணீருக்கு அது சுமார் 80, மண்ணின் தாதுப் பகுதிக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. சென்சார் தகடுக்கும் மண்ணுக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி விழுந்தாலே ஈரம் குறைவாகக் காட்டும், வால்வு தேவையில்லாமல் திறக்கும். காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் இது அடிக்கடி நடக்கும். உப்பு ஏறிய மண்ணில் பெரும்பாலும் ஈரத்தைக் கூட்டிக் காட்டும், பயிர் வாடும்போதும் வால்வு மூடியே கிடக்கும். தயாரிப்பாளர் தரும் சமன்பாட்டை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு வயல் மண்ணுக்கும் தனியாக அளவுத்திருத்தம் (சென்சார் காட்டும் எண்ணை உண்மையான ஈரத்தோடு பொருத்துவது) செய்தே ஆக வேண்டும்.

செய்முறை கடினமில்லை. மண்ணைக் காயவைத்து 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். கன அளவு தெரிந்த வளையத்தால் வயலில் மாதிரி எடுத்துப் பருமன் அடர்த்தியை (ஒரு கன அளவு மண்ணில் உள்ள உலர் எடையை) கண்டுபிடியுங்கள். அது கன செ.மீ.க்கு 1.4 கிராம் என்றால், 5 லிட்டர் கலத்தில் 7 கிலோ உலர்ந்த மண் அடங்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் சேர்த்தால் கன அளவில் 10 சதவீத ஈரம், ஒரு லிட்டர் சேர்த்தால் 20. நன்றாகக் கலந்து, மூடி, ஒரு நாள் வைத்து, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பி, சென்சாரைச் செருகி அளவெடுங்கள். ஐந்தாறு ஈர அளவுகளில், ஒவ்வொன்றிலும் மூன்று முறை. அதே மண்ணில் சிறு மாதிரியை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடையைச் சரிபாருங்கள். இதற்கு உலர் அடுப்பு, 0.01 கிராம் துல்லியத் தராசு, வளையங்கள், சில வாரங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். ட்ரோனுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் மிகச் சிறியது, ஆனாலும் பட்ஜெட்டில் முதலில் விடுபடுவது இதுதான்.

சின்னச் செலவுகளில் உதிரிக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சென்சாரிலும் கேபிளிலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கேளுங்கள். கேபிளை எலி கடிக்கும், ஆகவே குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். மின்பெட்டிக்குக் கேபிள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், மேலே நுழைந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கும். விதைப்புக்கு முன் இரண்டு மீட்டர் கம்பத்தில் நன்றாகக் கிடைத்த ரேடியோ சிக்னல், மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டியதும் அறுந்துபோகும். ஆன்டெனாவை முதிர்ந்த பயிரின் உயரத்துக்கு மேலே வையுங்கள்.

பணம் எப்போது வருகிறது என்பது எவ்வளவு வருகிறது என்பதற்குச் சற்றும் குறையாத விஷயம். நிதியாண்டு பயிர்ப் பருவத்தைப் பார்த்து ஓடுவதில்லை. ஒப்புதல் ஆணை வந்து, விலைப்புள்ளி வாங்கி, கருவி வந்து சேர்வதற்குள் விதைப்பு முடிந்துவிட்டால் மூன்று ஆண்டுத் திட்டத்தில் இரண்டு பருவமே மிஞ்சும். அதில் ஒன்று வறட்சி ஆண்டானால் ஒரே ஒரு பருவத்தை வைத்துக்கொண்டு முடிவு எழுத வேண்டிவரும். எனவே கருவிகளின் தொழில்நுட்ப விவரக்குறிப்பை நிதி வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். முதல் ஆறு மாதத்தை அளவுத்திருத்தத்துக்கும் பாத்தி அமைப்புக்கும் என்று திட்டத்திலேயே ஒதுக்குங்கள். மீதித் தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் அனுமதியை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நிதி தரும் அரசுகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1887-இல் வந்த ஹாட்ச் சட்டம் மாநில வேளாண் சோதனை நிலையங்களுக்கு ஒரே தடவை மானியம் தந்துவிட்டு ஒதுங்கவில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் 15,000 டாலர் என்று தொடர் நிதியை உறுதி செய்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. ட்ரோனை ஒரே ஆண்டில் வாங்கிவிடலாம், அதன் பலன் மண்ணிலும் மகசூலிலும் தெரிய ஆண்டுகள் ஆகும். கருவி வாங்கும் தலைப்பில் தாராளமாகவும் தொடர் செலவுத் தலைப்பில் இறுக்கமாகவும் இருக்கும் நிதி விதிகள் இதற்கு நேர் எதிராக இழுக்கின்றன.

நிறுவனம் ஒன்று கூட்டாளியாக இருந்தால் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒன்று, மூலத் தரவு முழுவதும் பல்கலைக்கழகத்திடம் எளிய உரைக்கோப்பாக இருக்க வேண்டும், நிறுவனத்தின் சர்வர் சந்தா முடிந்த அன்று தரவும் போய்விடக் கூடாது. மற்றொன்று, பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதை வெளியிடும் உரிமை ஆராய்ச்சியாளருக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நிறுவனம் சம்மதிக்காவிட்டால், அந்தக் கூட்டு இல்லாமலே நிதிக்கு விண்ணப்பியுங்கள்.