கோப்பு மேலாண்மை மென்பொருளுக்கு உரிமம் வாங்கிய நான்கு மாதங்கள்

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஆனது மூன்று வாரம். அதற்கு முறையான உரிமத்தைப் பெற்று, எல்லோரும் அதில் வேலை செய்யும் நிலைக்கு வந்து சேர, 2023 அக்டோபரில் தொடங்கி 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. இதே வேலையில் இறங்கப்போகும் சிறிய வடிவமைப்புக் குழுக்களாவது அந்த அலைச்சலைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் பம்பும் வால்வும் வடிவமைக்கும் ஆறு பேர் கொண்ட குழு எங்களுடையது. வரைபடங்கள் அனைத்தும் பல ஆண்டுகளாக ஒரே பொதுக் கோப்புறையில் கிடந்தன. பழைய ரிவிஷன் வரைபடம் ஃபவுண்டரிக்குப் போய், நாற்பது பம்பு உறைகள் மெஷினிங் அலவன்ஸ் (பிறகு கடைந்து எடுப்பதற்காக விடும் கூடுதல் பருமன்) போதாமல் வார்க்கப்பட்டு வந்து, அத்தனையும் மீண்டும் உருக்கப் போன பிறகுதான் நிர்வாகம் பணம் ஒதுக்கச் சம்மதித்தது.

கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும், இலவசமாகக் கிடைக்கும் சப்வெர்ஷன் என்ற மென்பொருளை முதலில் முயன்றோம். ஒருவர் பூட்டிய கோப்பை இன்னொருவர் திருத்த முடியாதபடி அதில் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதால், கையில் காசில்லாத குழுவுக்கு அது தள்ளத்தக்க வழியன்று. ஆனால் ஓர் அசெம்பிளிக்குள், அதாவது பல பாகங்களைச் சேர்த்த தொகுப்பு வரைபடத்துக்குள், எந்தெந்தப் பாகங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை அது அறியாது. ஒரு பாகத்தின் பெயரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் அசெம்பிளிகள் எல்லாம் அந்தப் பாகத்தைக் காணாமல் திறக்கும். அதனால் நாங்கள் வரைபடம் வரையும் கேட் (CAD) மென்பொருளோடு இணைந்து இயங்கும் கட்டண மென்பொருள் ஒன்றை எடுத்தோம்.

முப்பது நாள் சோதனைக் காலத்தில் பாதியை வீணாக்கினோம். விற்பனையாளர் கொண்டுவந்த மாதிரிக் கோப்புகளில் எல்லாம் ஒழுங்காக ஓடின. எங்கள் சொந்தக் கோப்புகளை ஏற்றியபோதுதான் 'பிராக்கெட்' என்ற ஒரே பெயரில் முப்பத்தேழு வெவ்வேறு பாகங்கள் இருப்பது தெரிந்தது. ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை அனுமதிக்காத அமைப்பைத்தான் நாங்கள் வேண்டுமென்றே தேர்ந்திருந்தோம். அதை விட்டுக்கொடுத்தால் பழைய குழப்பம் புது வீட்டுக்கும் வந்துவிடும். பெயர்களைக் கேட் மென்பொருளுக்குள்ளிருந்தே மாற்றித் தொடர்புகளைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. இந்தச் சுத்தத்தை முடித்துக்கொண்டு சோதனை உரிமத்தைக் கேளுங்கள்.

விலைப்பட்டியல் வந்தபோது, தரவுத்தளத்துக்காக மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற மென்பொருளின் கட்டணப் பதிப்பும் அதில் சேர்ந்திருந்தது. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு போதாதா என்று மின்னஞ்சலில் கேட்டேன். 2019 எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு தரவுத்தளத்தின் அளவு 10 ஜிபிக்கு மேல் போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் மென்பொருளில் வரைபடக் கோப்புகள் தனிச் சேமிப்பகத்தில் இருக்கின்றன, தரவுத்தளத்தில் இருப்பவை அவற்றைப் பற்றிய விவரங்கள் மட்டுமே. எழுத்தில் கேட்டதும் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். தொலைபேசியில் அதே கேள்விக்கு இரண்டு முறை மழுப்பலான பதிலே கிடைத்திருந்தது. தரவுத்தளத்தையும் அந்தச் சேமிப்பகத்தையும் ஒரே நேரத்தில் காப்புப் பிரதி எடுக்க வேண்டும் என்பதை இத்துடன் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒன்று நேற்றையதாகவும் மற்றது போன வாரத்தையதாகவும் இருந்தால், மீட்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது.

பெரிய அடி பயனர் எண்ணிக்கையில் விழுந்தது. "டிசைன் டீம்ல எத்தனை பேர் சார்?" என்று கேட்டார்கள், ஆறு என்றோம், ஆறு உரிமத்துக்கு ஆர்டர் போட்டோம். கொள்முதல், தரக் கட்டுப்பாடு, சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரங்கள்) பிரிவு என்று வரைபடத்தைத் திறந்து மட்டும் பார்க்கும் ஐந்து பேருக்கும் தனிப் பார்வை உரிமம் தேவை என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள். முதல் ஆர்டருக்குக் கிடைத்த தள்ளுபடியும் இதற்கு இல்லை என்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். அந்தப் பார்வை உரிமம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பதை மட்டும் கணக்கிடும் வகை என்பதை ஒப்பந்தத்தைப் படித்துக் கண்டுபிடித்தோம். ஒரு வாரம் யார் எப்போது வரைபடம் பார்க்கிறார்கள் என்று குறித்து வைத்ததில், எந்த நேரத்திலும் இருவருக்கு மேல் இல்லை. ஐந்துக்குப் பதிலாக இரண்டு வாங்கினோம், இதுவரை யாரும் காத்திருக்க நேரவில்லை.

அடுத்த தடை எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து வந்தது, அதில் நியாயமும் இருந்தது. மென்பொருள் உரிமத்துக்கான தொகையில் அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி 10 விழுக்காடு வரிப் பிடித்தம் செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்ல, பிடித்தால் செயல்படுத்தும் குறியீட்டைத் தர மாட்டோம் என்று விற்பனையாளர் நிற்க, பதினேழு நாள் போயிற்று. வழி 2012ஆம் ஆண்டின் 21ஆம் எண் அறிவிக்கையில் இருந்தது. மென்பொருளை எந்த மாற்றமும் செய்யாமல் மறுவிற்பனை செய்வதாகவும், முந்தைய கைமாற்றத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டதாகவும் விற்பவர் தம் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதித் தந்தால், வாங்குபவர் மறுபடி பிடிக்கத் தேவையில்லை என்பது அன்றைய விதி. அந்த ஒரு தாளை விலைப்பட்டியலோடு கேட்டு வாங்கியிருந்தால் பதினேழு நாளும் மிச்சமாகியிருக்கும்.

உரிமக் கோப்பு வந்து, நிறுவி, பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் திங்கட்கிழமை காலை ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. உரிமம் சர்வரின் மேக் முகவரியோடு, அதாவது அதன் நெட்வொர்க் கருவிக்கு உரிய அடையாள எண்ணோடு, பிணைக்கப்படும். நாங்கள் எழுதி அனுப்பியதோ, சர்வரில் அப்போது செருகியிருந்த யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரின் முகவரி. சனிக்கிழமை யாரோ அதைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள், அது திரும்பக் கிடைக்கவே இல்லை. உரிமத்தை வேறு முகவரிக்கு மாற்ற நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்டார்கள். ஆர்டரில் இருந்த பெயரும் கடிதத்தில் இருந்த பெயரும் 'பிரைவேட் லிமிடெட்' என்ற சொற்களில் வேறுபட்டதால் முதல் கடிதம் திரும்பி வந்தது. ஒன்பது நாள் ஆறு பேரும் பழைய பொதுக் கோப்புறையில் வேலை செய்தார்கள். முகவரி கேட்கப்படும்போது மதர்போர்டோடு சேர்ந்த நெட்வொர்க் போர்ட்டின் முகவரியை மட்டும் கொடுங்கள்.

புதிய கோப்பு வந்த அன்றும் மாலை வரை இணைப்பு கிடைக்கவில்லை. வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் 27000 என்ற போர்ட்டை (நிரல்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாயில்) திறந்திருந்தோம். ஆனால் உரிமங்களைக் கொடுக்கும் லைசென்ஸ் சர்வர் நிரலோடு சேர்ந்து ஓடும் இரண்டாவது நிரல், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தனக்கு வேறொரு போர்ட்டை எடுத்துக்கொள்கிறது. உரிமக் கோப்பிலேயே அதற்கு நிலையான எண் ஒன்றை எழுதி, அதையும் திறந்துவிட்டதும் இணைந்தது. அதை அன்று கண்டுபிடித்தவர் எங்கள் குழுவில் சேர்ந்து ஐந்தே மாதமான பயிற்சிப் பொறியாளர்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை இடையில் நிறுத்தினால், மறுபடி சேரும்போது விடுபட்ட காலத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் அடுத்த மூன்று ஆண்டுக்கான கட்டணத்தைப் பார்வை உரிம ஆர்டரோடு சேர்த்து எழுத்தில் நிர்ணயித்துக்கொண்டோம். அந்தக் கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று மூன்று பேர் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்.