1/14 லாரிக்கு சேஸிஸ்: அலுமினியத்துல ஆரம்பிச்சு எம்எஸ்ல (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) வந்து நின்ன கதை

கிருஷ்ணகிரில கிரானைட் லாரி பாத்தே வளந்தவன், அதனால ஆறு சக்கர ரிமோட் லாரி ஒண்ணு 1/14 அளவுல செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. முன் ஆக்ஸில்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு 400 மில்லி, நிஜ வண்டில அது 5.6 மீட்டர். மோட்டார், ஆக்ஸில் எல்லாம் வாங்கிட்டேன், ஃபிரேம் மட்டும் என் கையால செய்யணும்னு முடிவு.

முதல்ல ஜன்னல் செய்யற கடைல மிச்சம் கிடந்த அலுமினிய பாக்ஸ் பைப், வெட்டு கூலியோட 180 ரூபாய். பாக்க அவ்ளோ நேரா இருந்துச்சு. ஆனா பைப்புக்குள்ள நட்டு புடிக்க வழியில்ல, சரின்னு சுவத்துலயே மரை போட்டேன், சுவர் மெல்லிசு, ரெண்டாவது தடவ டைட் பண்ணும்போதே மரை வழுக்கிருச்சு. அதவிட பெரிய பிரச்சன, மேடு பள்ளத்துல ஏறினா ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்குது. மூடின பாக்ஸ் முறுக்கவே முறுக்காது. நிஜ லாரில சி சேனல் (C மாதிரி ஒரு பக்கம் திறந்த நீளக் கட்டை) போடறதுக்கு இதுவும் ஒரு காரணம், திறந்த வடிவம் கொஞ்சம் முறுகி கொடுக்கும், சக்கரம் தரைய விடாது. இது எனக்கு கையில பட்டப்புறம்தான் புரிஞ்சுது.

அப்புறம் சி சேனல், 20 மில்லி உயரம், 10 மில்லி மடிப்பு, நீளம் 600. உக்காந்து கணக்கு போட்டேன். 2 மில்லி அலுமினியம்னா ரெண்டு ரெயிலும் (ஃபிரேமோட ரெண்டு பக்க நீளக் கட்டை) சேர்ந்து 233 கிராம், 1 மில்லி எம்எஸ்னா 358. வித்தியாசம் வெறும் 125 கிராம், ஆனா வளையாம நிக்கறதுல எம்எஸ் ஒன்றரை மடங்குக்கு மேல, ஏன்னா அதோட விறைப்பு அலுமினியத்த விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. 8 கிலோ கிரானைட் துண்டு ஏத்தப்போற வண்டிக்கு 125 கிராமெல்லாம் ஒரு கணக்கே இல்ல. அதோட 6061 டி6ங்கற கெட்டியான ரக அலுமினியத்த கூர்மையா மடிச்சா மூலைல விரிசல் விடும்.

தகடு 2 அடிக்கு அரை அடி துண்டு, முக்கால் கிலோகூட வரல, 60 ரூபாய். ஆனா ஓசூர்ல தகடு மடிக்கிற பட்டறைல நாலு மடிப்புக்கு மினிமம் 300. லேசர்ல ஓட்டை போட்டா தனியா 500 கேட்டாங்க, வேணாம்னு வீட்லயே டிரில் பண்ணிட்டேன், பிட்டு ரெண்டு ஒடஞ்சு 70 ரூபாய். ஆக பொருளுக்கு 60, வேலைக்கு 370. அலுமினியமா எம்எஸ்ஸானு விலைய பாத்து ரெண்டு வாரம் யோசிச்சேன், அந்த நேரத்துல மடிப்ப எப்படி கொறைக்கறதுன்னு யோசிச்சிருக்கணும்.

லாரி பாடி கட்ற பட்டறை அண்ணன் ஒருத்தர்கிட்ட காமிச்சேன், பாத்த உடனே, "தம்பி, மேல் கீழ் மடிப்புல ஓட்டை போட்றாத, எல்லாம் நிக்கிற பக்கத்துல போடு"ன்னார். லோடு ஏறும்போது இழுவையும் அமுக்கமும் மடிப்புலதான் அதிகம், நடுவுல கம்மி. அதனாலதான் நிஜ வண்டிலயும் பாடிய, மடிப்புல ஓட்டை போடாம, ரெயில சுத்தி யூ போல்ட் போட்டு புடிக்கறாங்க. ரெண்டு ரெயிலையும் சேக்கற குறுக்கு கட்டைக்கு வெல்டிங் வெச்சு பாத்தேன், சூட்டுல ரெயில் கோணிக்கிச்சு, பிரிச்சு தட்டி நேராக்கி இப்ப எல்லாமே 3 மில்லி போல்ட்டு நட்டு.

நேத்து கல்ல ஏத்தி ஜல்லி மேல ஓட்டினேன், ஆறு சக்கரமும் தரைலயே இருக்கு. பின் ஸ்பிரிங்க ஃபிரேமோட புடிக்கிற ஹேங்கர் ஓட்டை மட்டும் அரை மில்லி தள்ளிப்போயிருக்கு, அத உருட்டு அரத்துல இழுத்துட்டு அப்புறம் துரு புடிக்காம ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கணும்.