நிமிடத்துக்கு 40 பொட்டலம்

கோவையில் சிறிய பேக்கிங் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை என் பொறுப்பு. மசாலாத் தூள் பொட்டலம் போடும் இயந்திரம் ஒன்று எங்களிடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. எப்போதும் ஒரே கோளாறு: சோலனாய்டு வால்வை (கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இயங்கும் வால்வு) இயக்கும் ரிலேயின், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின், முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மூத்த மெக்கானிக் அண்ணனிடம் அதற்கு ஒரே வைத்தியம்தான். "தம்பி, இன்னும் பெரிய ரிலேயாகப் போடு."

அந்த ரிலே 10 ஆம்பியர் தாங்கும். 24 வோல்ட், 5 வாட் வால்வு காயில் (கம்பிச்சுருள்) இழுப்பதோ ஏறக்குறைய 0.2 ஆம்பியர். பார்க்க வேண்டியது எண்ணிக்கையை. நிமிடத்துக்கு 40 பொட்டலம் என்றால் எட்டு மணி நேர ஷிப்டில் 19,200 முறை. இவ்வகைச் சிறு ரிலேக்களுக்கு முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை என்றே பொதுவாக ஆயுள் குறித்திருப்பார்கள். சுமை குறைந்தால் ஆயுள் கூடும் என்பது உண்மை. டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாத காயில் அந்தச் சலுகையைத் தின்றுவிடும். மின்னோட்டம் அறுபடும் கணத்தில் காயில் நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்ப, முனைகளுக்கிடையே பொறி பறக்கிறது. இயந்திரத்தை நடத்தும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் தானாகவே ரீசெட் ஆகிறது என்ற புகாருக்கும் அதுதான் காரணம்.

ரிலே இருந்த இடத்தில், அசையும் முனைகளே இல்லாத மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் போட்டேன். எந்தக் கடையிலும் கிடைப்பது ஐஆர்எஃப்540. ஆனால் அது முழுமையாகத் திறக்க, கேட் என்ற அதன் கட்டுப்பாட்டு முனையில் 10 வோல்ட் வேண்டும். மைக்ரோகண்ட்ரோலரின் 5 வோல்ட் பின்னில் இணைத்தால் சிறிய வால்வைச் சமாளித்துவிடும். பெரிய காயிலானால் தொட முடியாதபடி சுடும். அதனால் 5 வோல்ட்டுக்கே திறக்கும் ஐஆர்எல்இசட்44என். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை. இது இல்லாவிட்டால் மைக்ரோகண்ட்ரோலர் விழித்தெழும் முன்பே வால்வு அடித்துவிடலாம்; சீல் போடும் தாடைக்கருகில் ஒருவர் கை வைத்திருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம்.

காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். பொறியும் ரீசெட்டும் நின்றன. புதிதாக ஒன்று கிளம்பியது: வால்வு சற்றுத் தாமதமாக மூடியது. மின்னோட்டம் டயோடு வழியே சுற்றிச் சுற்றித்தான் அடங்குகிறது. டயோடுடன் தொடராக, எதிர்த்திசையில் 15 வோல்ட் ஜீனர் (அந்த வோல்ட்டைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் மின்னோட்டத்தை விடும் டயோடு) சேர்த்ததும் வால்வு வேகமாக மூடியது. அணையும்போது மாஸ்ஃபெட் மேல் விழுவது, லைனின் 24-உம் ஜீனரின் 15-உம் சேர்ந்து, 40 வோல்ட் அளவு. அது தாங்குவது 55. ஜீனரை 33 வோல்ட்டாக்கியிருந்தால் எல்லை தாண்டியிருக்கும்.

"சத்தமே வரவில்லையே, வேலை செய்கிறதா?" என்றார், ரிலேயின் 'டிக்' சத்தத்துக்குப் பழகிய அண்ணன். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு எல்இடி வைத்துக் கொடுத்தேன்.

ஒரே ஒரு ரிலேயை மட்டும் விட்டுவைத்தேன். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்போது புரோகிராம் என்ன சொன்னாலும் வால்வு திறந்தே கிடக்கும். எமர்ஜென்சி பொத்தானை அழுத்தினால் எல்லாக் காயில்களுக்கும் போகும் 24 வோல்ட் லைனை அந்த ரிலே அறுத்துவிடும். அதன் காயில் கம்பி மைக்ரோகண்ட்ரோலர் பக்கமே போகவில்லை. பொத்தானிலிருந்து நேராக வருகிறது.