பழைய ஜாங்கோ கோடில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிய அனுபவம்

எங்கள் பில்லிங் மென்பொருள் பைத்தானில், ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கை வைத்து எழுதப்பட்டது. பல வருடங்களாகப் பலர் கைபட்ட கோட். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் மூல நிரலைப் பாதுகாப்பு ஸ்கேன் செய்து ரிப்போர்ட் தர வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அந்த வேலை என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கருவிக்கென்று பட்ஜெட் கிடையாது. கோட்கியூஎல் என்ற ஸ்கேன் கருவி பொது ரெப்போக்களுக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய கோட் தொகுப்புகளுக்கு) இலவசம், ஆனால் தனியார் கோடுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். அதனால் பாண்டிட், செம்க்ரெப், கிட்லீக்ஸ் என்ற மூன்றோடு ஆரம்பித்தேன். பாண்டிட் பைத்தானுக்கு மட்டுமானது, ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் திட்டத்தில் பிறந்தது. அது கோடை இயக்குவதில்லை. வாசித்து, அதன் இலக்கண மரத்தில் ஆபத்தான அழைப்புகள் இருக்கின்றனவா என்று தேடும். செம்க்ரெப் பல மொழிகளுக்கு வரும். தேட வேண்டியது என்ன என்கிற விதியை நாமே எழுதிக் கொடுக்கலாம், இது பின்னால் மிகவும் உதவியது. கிட்லீக்ஸ், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாற்றில் சிக்கிக்கிடக்கும் பாஸ்வேர்டுகளையும் கீகளையும் தேடுவது.

முதல் ரிப்போர்ட்டில் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள். அவற்றில் பெரும்பகுதி டெஸ்ட் ஃபைல்களில் இருந்த அஸர்ட் வரிகள் (ஒரு நிபந்தனை உண்மையா என்று சோதிப்பவை). பாண்டிட்டில் அதற்கு பி101 என்று எண். டெஸ்ட் ஃபோல்டரை விலக்கியதும் பட்டியல் கையாளக்கூடிய அளவுக்கு வந்தது. அப்புறம்தான் உண்மையான கேள்வி: எதை முதலில் பார்ப்பது? பாண்டிட் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தீவிரம் எவ்வளவு, நம்பகம் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும். ‘ஹை’ என்று வருவதை மட்டும் சரிசெய்தால் போதும் என்று டீமில் ஒரு கருத்து எழுந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

காரணத்தை எங்கள் கோடே காட்டியது. தரவை ஹாஷ் ஆக, அதாவது ஒரு சிறிய குறியீடாக, மாற்றும் பழைய, பலவீனமான எம்டி5 முறையைப் பயன்படுத்தினால் பாண்டிட் ‘ஹை’ என்கிறது. எங்களிடம் அது கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருப்பவற்றுக்குப் பெயர் வைக்க மட்டுமே பயன்பட்டது, அதனால் யாருக்கும் கேடில்லை. பைத்தான் 3.9 முதல், இது பாதுகாப்புக்காகப் பயன்படவில்லை என்று அந்த அழைப்பிலேயே குறிப்பிட வழி இருக்கிறது. குறிப்பிட்டதும் எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் ஸ்ட்ரிங்கை (எழுத்துச்சரத்தை) ஒட்டி எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் கட்டளையைக் கட்டுவதைக் காட்டும் பி608 எச்சரிக்கைக்கு ‘மீடியம்’தான். எங்களிடம் இருந்த மிக மோசமான ஓட்டை அந்த ‘மீடியம்’ பட்டியலில் கிடந்தது.

பி608 வந்த இடங்களில் பல, டேபிள் பெயரை நிலையான மாறியிலிருந்து எடுத்தவை. ஒன்று மட்டும் வேறு மாதிரி. பில் பட்டியலை எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது என்பதை யூஆர்எல்லில் இருந்து வாங்கி, அப்படியே எஸ்க்யூஎல்லில் வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். அந்த மதிப்பு ஒரு ஃபைலில் வாங்கப்பட்டு, இன்னொரு ஃபைலில் இருந்த ஃபங்ஷன் வழியாக டேட்டாபேஸுக்குப் போனது. செம்க்ரெப்பின் இலவசப் பதிப்பு ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டுமே தரவின் பயணத்தைத் தொடர்கிறது, அதனால் அதற்கு இது தெரியவில்லை. பாண்டிட்டோ பயணத்தைப் பார்ப்பதே இல்லை, ஒட்டிய ஸ்ட்ரிங்கைக் கண்டாலே சொல்லிவிடுகிறது. ஆகவே, எச்சரிக்கை வந்த வரியில் தொடங்கி, அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கி நானே கையால் படித்துப் போனேன். இந்த வேலையில் பெரும்பாலான நேரம் இதற்குத்தான் போனது, போக வேண்டியதும் இதற்குத்தான்.

“அண்ணா, மத்த இடத்துல செஞ்ச மாதிரி இதையும் பாராமீட்டராவே அனுப்பிடலாமே?” என்று டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பாராமீட்டராக, அதாவது கட்டளையோடு ஒட்டாமல் தனியாக, மதிப்புகளைத்தான் அனுப்ப முடியும், நெடுவரிசையின் பெயரை அனுப்ப முடியாது. அனுப்பினால் டேட்டாபேஸ் அதை வெறும் எழுத்துச்சரமாக எடுத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தலே நடக்காது. அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அதில் இல்லாததை மறுப்பதே சரியான வழி.

வெறும் அடுக்கும் வரிசைதானே, இதில் என்ன திருட முடியும் என்று சிலருக்குத் தோன்றியது. டெஸ்ட் டேட்டாபேஸில் செய்து காட்டினேன். அந்த இடத்தில் ஒரு நிபந்தனையை வைத்தால் போதும். அட்மின் பாஸ்வேர்டு ஹாஷின் முதல் எழுத்து இதுவா என்று கேட்கலாம். ஆமென்றால் பட்டியல் தேதிப்படி வரும், இல்லையென்றால் தொகைப்படி வரும். இப்படியே ஒவ்வொரு எழுத்தாக முழு ஹாஷையும் படித்துவிடலாம். அதைப் பார்த்த பிறகு அன்றே திருத்தம் போனது.

பிடிஎஃப் உருவாக்கும் கட்டளையை ஷெல் (கட்டளை வரிகளை வாங்கி ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டிய இடமும் வந்தது. வாடிக்கையாளர் கொடுத்த ஃபைல் பெயர் அதில் நேராகப் போனது, அதனால் பெயருக்குள்ளேயே வேறொரு கட்டளையைச் செருக முடியும். ஷெல்லை நீக்கி, வாதங்களைப் பட்டியலாகக் கொடுத்தோம். அதோடு நிறுத்தினால் போதாது. ஹைஃபனில் தொடங்கும் பெயரை அந்த நிரல் ஓர் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் ஃபைல் பெயரை நாங்களே உருவாக்கும்படி மாற்றினோம்.

கிட்லீக்ஸ் ஒரு பழைய கமிட்டில் (கிட்டில் பதிந்த மாற்றத்தில்) எஸ்எம்எஸ் கேட்வேயின் கீயைக் காட்டியது. அந்த ஃபைலை எப்போதோ நீக்கிவிட்டார்கள், ஆனால் வரலாற்றில் இருக்கிறது, குளோன் செய்த, அதாவது வரலாற்றோடு நகலெடுத்த, ஒவ்வொரு மடிக்கணினியிலும் இருக்கிறது. இங்கே வரலாற்றைச் சுத்தம் செய்வது இரண்டாவது வேலை. முதலில் கீயை ரத்து செய்து புதியது வாங்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் திருத்தியாயிற்று, ரிப்போர்ட்டும் சுத்தம். அனுப்பிவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் நினைவுக்கு வந்தது. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், எதிர்முனை சொன்ன நீளம் உண்மையா என்று சரிபார்க்கும் ஒரு சோதனை இல்லாமல் போனதால் வந்த ஓட்டை அது. கோடை இயக்காமல் வாசித்தே தேடும் அன்றைய முன்னணி ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவிகள் அதைக் காட்டவில்லை. தப்பான வரியைக் கண்டுபிடிப்பது எளிது. இருக்க வேண்டிய வரி இல்லை என்பதைக் கண்டுபிடிக்க, அது ஏன் இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் பக்கங்களுக்கான கோரிக்கைகளுக்குப் பதில் தரும் வியூ ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தேன். பில்லைக் காட்டும் வியூ, யூஆர்எல்லில் வந்த எண்ணை வைத்து பில்லை எடுத்துக் கொடுத்தது. லாகின் சரிபார்ப்பு இருந்தது. அந்த பில் லாகின் செய்தவருடையதுதானா என்ற சரிபார்ப்பு இல்லை. எண்ணை மாற்றினால் அடுத்த கம்பெனியின் பில் திறந்தது. மென்பொருள் பலவீன வகைகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் சிடபிள்யூஇ பட்டியலில் 639 என்ற எண்ணில் இருக்கிற, நன்றாகத் தெரிந்த வகை இது. ஆனால் அங்கே ஆபத்தான அழைப்பு எதுவுமே இல்லை, ஜாங்கோ கற்றுத்தருகிற அதே அழகான ஒரு வரிதான். பில் யாருடையது என்பது எங்களுக்குத் தெரியும், எந்தப் பொதுக் கருவிக்கும் தெரியாது.

அந்த அறிவை செம்க்ரெப்புக்கு ஒரு விதியாக எழுதினேன். வாடிக்கையாளரை வைத்து வடிகட்டாமல் பில்லை எடுக்கும் எந்த வரியையும் காட்டு என்பதே விதி. ஓட்டியதும் பிடிஎஃப் பதிவிறக்கத்திலும் எக்செல் ஏற்றுமதியிலும் அதே ஓட்டை வெளிவந்தது. நான் படித்து அவற்றை அடைய இன்னும் நாளாகியிருக்கும்.

இப்போது புதிய கோடை முதன்மை கோடோடு சேர்க்கும் ஒவ்வொரு மெர்ஜுக்கு முன்னும் மூன்று கருவிகளும் எங்கள் விதியும் ஓடுகின்றன. பாண்டிட்டின் எச்சரிக்கையை அந்த வரியில் நோசெக் என்று எழுதி அடக்குவதென்றால், எண்ணும் காரணமும் சேர்த்து எழுத வேண்டும், இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளருக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில், அப்படி அடக்கியவற்றின் பட்டியலையும், கருவி காட்டாமல் நாங்களே கண்டுபிடித்துத் திருத்தியவற்றையும் சேர்த்தே அனுப்பினோம். பில் ஓட்டையைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று உள்ளே ஒரு பேச்சு இருந்தது. அது அவர்களுடைய தரவு. சொன்னோம்.