ஒயினெல்லாம்

"எழுதியிருக்கிறதைப் படிங்க சார், போதும்."

நான் சொன்னது இவ்வளவுதான். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆனால் டாக்பேக் பொத்தானை அழுத்திக்கொண்டு சொன்னேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அது சாதாரணப் பேச்சு. அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி நிற்பவருக்கோ மண்டைக்குள்ளேயே வந்து விழுகிற பேச்சு. அவர் முப்பது வருஷமாக டப்பிங் பேசுகிறவர். நான் வசனம் எழுத வந்து அப்போது ஆறு வருஷம். கடைசியில் "போதும்" என்று சொன்னேனா இல்லையா என்பதில் எனக்கும் சவுண்ட் இன்ஜினியருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் சொல்லவில்லை என்கிறான் அவன். சொன்னதாகத்தான் என் ஞாபகம்.

டிராகுலாவாக நடித்தவர்களை வரிசையாக வைத்து ஒப்பிடுகிற ஒரு ஆங்கில ஆவணப்படம். வர்ணனைக்கு ஒரு குரல், எல்லா டிராகுலாவுக்கும் சேர்த்து இன்னொரு குரல் என்று பட்ஜெட் போட்டிருந்தார்கள். ஒரே நாள் கால்ஷீட். "ஒரே சம்பளத்துக்கு அஞ்சு பிணமா தம்பி?" என்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார்.

காலை நன்றாகத்தான் போனது. முதலில் கிறிஸ்டோபர் லீயை எடுத்தோம், 1958 படம். ஆறடி ஐந்தங்குல மனிதர் மாடிப்படியில் விறுவிறுவென்று இறங்கி வந்து விருந்தாளியை வரவேற்கிறார். பயமுறுத்தும் எண்ணமே இல்லாத, வேலை இருக்கிற மனிதனின் பேச்சு. நம்மவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "இவன் வீட்டுக்காரன். மேல் போர்ஷன் பாக்க வந்தவன்கிட்ட பேசற மாதிரி பேசறேன்" என்றார். பேசினார். அத்தனை பொருத்தம். அந்தப் படத்தில் லீ ஆரம்பக் காட்சிகளோடு பேச்சையே நிறுத்திவிடுகிறார், அப்புறம் சீறல்தான். 1966இல் வந்த அடுத்த படத்தில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. வசனம் மட்டமாக இருந்ததால் பேச மறுத்தேன் என்று லீ சொல்லிவந்தார். நான் அவருக்கு வசனமே எழுதவில்லை என்றார் எழுதிய ஜிம்மி சாங்ஸ்டர். இதை நான் சொன்னதும், "யார் சொல்றது நிஜம்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "பேசினவன் சொல்றதுதான் நிஜமா இருக்கும்" என்றார். எழுதுகிறவனாக எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சிரித்தேன்.

1922இல் முர்னோவ் எடுத்த படத்தில் வரும் மேக்ஸ் ஷ்ரெக்குக்கு வேலையே இல்லை, மௌனப்படம். இருந்தாலும் அதைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தார். 1979இல் கிளாஸ் கின்ஸ்கி நடித்ததற்கு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து பேசினார். "நின்னா குரல்ல தெம்பு வந்துடும். இவன் சாகணும்னு ஆசைப்படறவன்." அதே 1979இல் வந்த இன்னொரு டிராகுலா ஃபிராங்க் லாஞ்செல்லா. கோரைப்பல் வைத்துக்கொள்ளவே மறுத்தவர், முழுக்கக் காதலன். அதற்குக் குரலை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும் என்றார். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேலா லுகோசி வந்தார்.

1931. கோட்டைக்கு வந்த ரென்ஃபீல்டுக்கு டிராகுலா பழைய ஒயினை ஊற்றிக் கொடுக்கிறார். நீங்கள் குடிக்கவில்லையா என்று அவன் கேட்கிறான். "நான் ஒருபோதும் குடிப்பதில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒரு நிறுத்தம் விடுகிறார், அப்புறம்தான் "ஒயின்" என்ற சொல் வருகிறது. அந்த நிறுத்தத்துக்குள்தான் ரத்தம் இருக்கிறது. 1897இல் வந்த நாவலில் இந்த வரி கிடையாது. அதில் பிரபு, தான் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வதோடு சரி.

ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும், என்ன குடிப்பதில்லை என்பது கடைசியில் வரும். நமக்கு வினை கடைசியில். "நான் ஒயின் குடிப்பதில்லை" என்று எழுதினால் டிராகுலா உத்தமராகிவிடுகிறார், மதுவிலக்கு மாநாட்டுக்குத் தலைமை தாங்கலாம். இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டு வரியைத் திருப்பிப் போட்டேன்: "நான் குடிப்பதே இல்லை... ஒயின்." கடைசிச் சொல்லில் லுகோசியின் உதடு குவிகிற இடத்தில் நம் "ஒயின்" கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த வேலையில் எப்போதாவது ஒருமுறைதான் அப்படி அமையும்.

அவர் பேப்பரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "தம்பி, இது தமிழ் இல்லையே" என்றார். "ஒயினெல்லாம் நான் குடிக்கிறதில்லன்னு வச்சுக்கலாமா? 'எல்லாம்'னு போட்டாலே வேற ஏதோ குடிக்கிறான்னு ஆயிடுது. கேப்பே வேண்டாம்."

அது நல்ல வரி என்பது கேட்ட கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்ளாமல் மற்றதை எழுதிப் பயனில்லை.

"சிங்க் ஆகாது சார்" என்றேன், உதட்டசைவோடு பொருந்தாது என்ற அர்த்தத்தில். "சிங்க்கை நான் பாத்துக்கறேன்" என்றார். கோபமே இல்லை, உதவி செய்கிற தொனிதான். நான் விடவில்லை.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. லுகோசி அந்நியன். அன்று ஹங்கேரியில், இன்று ருமேனியாவில் இருக்கிற லுகோஷ் ஊரில் பிறந்து, ஊர்ப்பெயரையே மேடைப்பெயராக்கிக்கொண்டவர். அவருடைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் கடைக்காரர் சில்லறை எண்ணி வைப்பதைப் போலத் தனித்தனியாக விழும். 1927இலிருந்து பிராட்வே மேடையில் இதே வேஷம் போட்டவர் என்பதால் கடைசி வரிசைக்கும் கேட்கிற நிதானம் வேறு. அந்தப் படத்தில் எழுத்து ஓடும்போது வருகிற இசையை விட்டால் பின்னணி இசை அநேகமாகக் கிடையாது, ஆகவே நிறுத்தம் என்றால் வெறும் நிறுத்தம்தான். கோரைப்பல்லைக் கூடக் காட்டுவதில்லை. கண்ணுக்கு மட்டும் வெளிச்சம் போட்டிருப்பார் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட். எல்லாமே காட்டாமல், சொல்லாமல் விட்டதால் வருகிற பயம். நிறுத்தத்தை எடுத்துவிட்டால் லுகோசி எங்கே? தமிழ் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் அது வெளியூர்க்காரன் பேச்சு. நல்ல தமிழில் சரளமாகப் பேசினால் அவரும் மேல் போர்ஷன் வீட்டுக்காரர் ஆகிவிடுவார்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. பாதி எனக்கே அப்புறம் வீட்டுக்குப் போகிற வழியில்தான் தோன்றியது. அன்று என்னிடம் இருந்தது "சிங்க் ஆகாது" என்ற ஒரே வாதம், அதுவும் அவருடைய தொழிலைப் பற்றி அவரிடமே.

அப்புறம் அவர் ஒரு சமாதானம் சொன்னார். 1992 படத்தில் கேரி ஓல்ட்மேனும் இதே வரியைச் சொல்கிறார், வெள்ளைத் தலைமுடியோடு, பழைய படத்துக்கு ஒரு வணக்கம் வைப்பதைப் போல. பாட்டு சொல்லித்தருகிறவரை வைத்துப் பயிற்சி எடுத்துக் குரலைக் கீழே இறக்கிக்கொண்டு ஓல்ட்மேன் பேசிய படம் அது. "லுகோசிக்கு உங்க வரி, இவனுக்கு என் வரி. இவன் ஊர்ப் பெரிய மனுஷன், நல்லா பேசுவான்" என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டு நடிப்புக்கும் இருக்கிற வித்தியாசத்தை ஆவணப்படத்தின் வர்ணனையைவிட அவர்தான் சுருக்கமாகச் சொன்னார். ஆனால் அந்த வர்ணனையில் "அதே வரி" என்று வருகிறது. அதே வரி என்று சொல்லிவிட்டு வேறு வரியைக் கேட்க வைக்க முடியாது. மணி வேறு மூன்றைத் தாண்டியிருந்தது. ஆறு மணிக்கு ஸ்டுடியோவை விட வேண்டும்.

அப்போதுதான் பொத்தானை அழுத்தினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார். லுகோசி வரியை ஒரே டேக்கில் முடித்தார். நான் எழுதிய அந்தக் கோணல் வாக்கியத்தை, நடுவில் நிறுத்தம் விட்டு, நான் நினைத்ததற்கு மேலாகவே பேசினார். ஓல்ட்மேன் வரியும் ஒரே டேக். இடையில் ஒரு போன் வந்து நான் வெளியே போய்விட்டு வந்தேன். டீ வந்தபோது வேறு ஏதோ பேச வேண்டுமே என்று, 1931 படத்தின் ஸ்பானிஷ் வடிவத்தைப் பற்றிச் சொன்னேன். டப்பிங் பழகாத காலம், அதனால் அதே செட்டில் பகலில் லுகோசி, இரவில் கார்லோஸ் வில்லாரியாஸ் என்று இரண்டு முறை எடுத்தார்கள். ஸ்பானிஷ் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது. "மொழி தெரியாதவன்கிட்ட வேலை பாக்கறது ஒரு நிம்மதிதான்" என்றார் அவர். இன்ஜினியர் சிரித்தான். என்னைக் குத்தினாரா, பொதுவாகச் சொன்னாரா என்று இப்போதும் தெரியவில்லை. வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வசனம் எழுதுகிறவனும் பேசுகிறவரும் முட்டிக்கொள்ளாத நாள் எது?

ஒன்றரை மாதம் கழித்து ஆவணப்படம் வெளியானது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். லுகோசி வந்தார், ஒயின் ஊற்றினார். "நான் குடிப்பதே இல்லை ஒயின்" என்று ஒரே மூச்சில் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய உதடு சத்தமில்லாமல் தனியாகக் குவிந்தது. மிக்ஸிங்கில் யாரோ, கடைசிச் சொல் பிரிந்து தனியாகக் கிடப்பதைப் பார்த்து, எடிட்டில் நகர்ந்துவிட்டது என்று நினைத்து முன்னால் இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். போதாததற்குக் கீழே இசை வேறு. (1990களின் கடைசியில் பிலிப் கிளாஸ் இந்தப் படத்துக்கு முழுசாக இசை எழுதினார். நல்ல இசைதான். ஆனாலும் அந்த மௌனத்தைச் சும்மா விட எவருக்கும் மனம் வருவதில்லை.) "இதென்ன மெஷின்ல மொழிபெயர்த்த மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி. கடைசியில் தமிழ் வசனம் என்று என் பெயர் வந்தது.

அவருடைய வரிக்கு இந்த விபத்து நடந்திருக்காது. எப்படி இழுத்தாலும் ஒட்டினாலும் "ஒயினெல்லாம் நான் குடிக்கிறதில்ல" தமிழாகவே இருந்திருக்கும். ஆனால் யாரோ கெடுத்தாலும் தாங்கும் என்பதற்காக அதுதான் சிறந்த வரி என்று ஆகிவிடுமா? அப்படிப் பார்த்தால் எதையுமே துணிந்து எழுத முடியாது. இன்னொரு பக்கம், என் கையை விட்டுப் போன பிறகு நாலு பேர் கை வைப்பார்கள் என்று தெரிந்த தொழில் இது. தெரிந்தே கண்ணாடிப் பாத்திரத்தை லாரியில் ஏற்றியவனுக்கு லாரிக்காரனைக் குறைசொல்ல எவ்வளவு உரிமை?

இந்தப் புலம்பலை இன்ஜினியரிடம் ஒருநாள் சொன்னபோது, "சார், அந்த டேக் இருக்கு" என்றான். நான் போனுக்காக வெளியே போயிருந்தபோது, சும்மா ஒரு சேஃப்டிக்கு என்று சொல்லி அவர் "ஒயினெல்லாம்" வரியைப் பேசி வைத்திருக்கிறார். லுகோசி படத்தின் மேலேயே போட்டுக் காட்டினான். நான் சொன்னது சரிதான், சிங்க் ஆகவில்லை. வாய் மூடிய பிறகும் அரை நொடி தமிழ் ஓடியது. "ஒயினெல்லாம்" என்று சொல்லிவிட்டு அவரே ஒரு சின்ன நிறுத்தமும் விட்டிருந்தார், வேண்டாம் என்றவர். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வரியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒருமுறையும் சிரித்ததில்லை.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? வரிக்காகவா, பொத்தானுக்காகவா? வரிக்காகக் கேட்டால் அது பொய். இன்றைக்கும் லுகோசிக்கு அந்த நிறுத்தத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓல்ட்மேனுக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம்.

அதன் பிறகு நாலைந்து வேலையில் சேர்ந்து உட்கார்ந்தோம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லாரையும் விசாரிப்பார். ஆனால் என் வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு சீரியல் எபிசோடில், அவசரத்தில் "நாளைக்கு" என்பதற்குப் பதில் "நேத்து" என்று அடித்துவிட்டேன். "நேத்து கண்டிப்பா வந்துடறேன்மா" என்று அப்படியே, உருக்கமாகப் பேசினார். நிறுத்தி, "சார், தப்பா அடிச்சுட்டேன் போல, கவனிக்கலையா?" என்றேன்.

"எழுதியிருந்துச்சு தம்பி" என்றார்.