மூக்கோரத்தில் ஒரு புள்ளி

தூசி ஒவ்வாமையால் மூக்கடைப்போடு கண்விழிப்பது எனக்குப் பல ஆண்டு வழக்கம் என்பதால், சீன அக்குபங்சரில் மூக்குக்கு உரியதாகச் சொல்லப்படும் யிங்ஸியாங் புள்ளியைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். 'நறுமணத்தை எதிர்கொண்டு வரவேற்பது' என்பது அப்பெயரின் பொருள். 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி என்ற சீன அறிஞர் தொகுத்த அக்குபங்சர் நூலிலேயே இப்புள்ளி இடம்பெற்றுவிட்டது.

எனக்கு வியப்பளித்தது, இது பெருங்குடல் நாளத்தின், அதாவது உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளுள் ஒன்றின், 20ஆவதும் கடைசியுமான புள்ளி என்பதுதான். அந்நாளம் ஆள்காட்டி விரல் நுனியில் தொடங்கி, கை வழியே தோளேறி, கழுத்தையும் கன்னத்தையும் கடந்து, மேலுதட்டுக்கு மேலுள்ள நடுப்பள்ளத்தில் மறுபக்கம் தாண்டி மூக்கருகே முடிகிறது. ஆகவே மரபுக் கணக்கின்படி வலது மூக்கோரப் புள்ளி இடது கைக்குச் சொந்தம். மூக்கு நுரையீரலின் வாசல், நுரையீரலின் இணை உறுப்போ பெருங்குடல் என்பது அம்மருத்துவத்தின் கொள்கை. உடலை அறுத்துப் பார்க்கும் உடற்கூறியலில் இந்நாளத்துக்கு இடமில்லை. ஆயினும் பழைய வரைபடத்தை விரலால் தொடர்ந்து செல்வதில் எனக்கு அலுப்பதில்லை.

கண்ணாடி முன் நின்று இலேசாகச் சிரித்தால், மூக்கோரத்திலிருந்து வாயோரம் நோக்கி இறங்கும் மடிப்பு ஆழமாகத் தெரியும். மூக்கு மடலின் பக்க விளிம்பினுடைய நடுப்பகுதிக்கு நேராக, அம்மடிப்பில் விரல்நுனியை வைத்து அழுத்தினால், எனக்கு மேற்பல் வரிசை வரை மந்தமான ஒரு வலி பரவுகிறது. இந்த இடமும் சர்ச்சைக்கு உட்பட்டதே: 2008இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டார அலுவலகம் 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்து வெளியிட்டபோது, நிபுணர்கள் ஒருமனதாக முடிவெடுக்க முடியாமல் போன 6 புள்ளிகளில் இதுவும் ஒன்றாக இருந்ததால், மடலின் கீழ் விளிம்புக்கு நேரான இடம் மாற்று இடமாகக் குறிப்பிடப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு விரற்கடைகூட இராது.

பலன் உண்டா என்றால், 2013இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றைச் சொல்லலாம். மகரந்த ஒவ்வாமை உள்ள 422 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், இப்புள்ளியையும் வேறு சில புள்ளிகளையும் சேர்த்து ஊசியிட்டவர்கள், போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட 8ஆவது வாரத்தில் சற்றே நலமாக இருந்தார்கள். 16ஆவது வாரத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது.

நான் ஊசியை நாடவில்லை. காலையில் ஆவி பிடித்த கையோடு இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் ஒரு நிமிடம் அழுத்துகிறேன். பெரும்பாலும் ஒரு நாசியாவது திறந்துகொள்கிறது, அது ஆவியின் வேலையாகவும் இருக்கலாம்.