எட்டே பார்: ‘ஸ்டாண்ட் பை மீ’யோடு பேஸ் பழகும் குறிப்புகள்

பேஸ் கிட்டார் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார்) பழக வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும் பாட்டுகளில் அமெரிக்கப் பாடகர் பென் ஈ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’ அநேகமாக இருக்கும். மொத்தப் பாட்டும் எட்டு பார்தான் (பார் என்றால் நாலு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று), அதையே திரும்பத் திரும்ப வாசித்தால் போதும். சரணத்துக்கு வரும் கார்டுகள்தான் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) பல்லவிக்கும். நடுவில் வயலின்கள் மட்டும் வாசிக்கும் இடத்துக்கும் அவைதான். நானும் இந்தப் பாட்டில்தான் ஆரம்பித்தேன். கை ஓரளவு படிந்த பிறகும் அடுத்த பாட்டுக்குப் போக மனம் வரவில்லை. இதை 400-க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்கிறார்கள். கிடைக்கிற கவர்களை, அதாவது மற்றவர்கள் பாடிய பதிவுகளை, ஒவ்வொன்றாக ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, கூடவே பேஸ் வாசித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். வெறுமனே கேட்டபோது பிடிபடாத பல விஷயங்கள் கையில் பேஸோடு கேட்டபோது பிடிபட்டன. அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த பேஸ் வரி. மூலப் பதிவு ஏ மேஜரில், அதாவது ஏ ஸ்வரத்தை ஆதாரமாக வைத்த சுருதியில் இருக்கிறது. ஏ இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனர் இரண்டு பார், டி ஒன்று, ஈ ஒன்று, மறுபடி ஏ இரண்டு. 1950-களின் அமெரிக்கப் பாட்டுகளில் எங்கே தொட்டாலும் கிடைக்கும் கார்டு வரிசைதான் இது. அதை வேறு பாட்டாக்குவது தாளம். ஒரு பாரை எட்டு அரைத்தட்டாகப் பிரித்துக்கொண்டால் 3+3+2 என்று விழும். வாயில் ‘தகிட தகிட தக’ என்று சொல்லிக்கொண்டே வாசித்தால் உடனே பிடிபடும். இரண்டு ‘தகிட’வுக்கும் தலா ஒரு ஸ்வரம், கடைசி ‘தக’வில் இரண்டு ஸ்வரம். அந்தக் கடைசி இரண்டும்தான் அடுத்த பாரின் வாசலில் கொண்டுபோய் விடுகின்றன.

விரல் வைப்பு எனக்கு இப்படி அமைந்தது (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு): தடித்த கம்பியில் 5-ஆவது ஃப்ரெட்டில் சுண்டுவிரல், அது ஏ. 4-ல் மோதிர விரல், அது ஜி ஷார்ப். 2-ல் ஆள்காட்டி விரல், அது எஃப் ஷார்ப். ஏயிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறங்கும்போது கை நகரவே வேண்டாம். டி பக்கத்துக் கம்பியில் அதே 5-ஆவது ஃப்ரெட், ஈ அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே. திறந்த கம்பி எதையும் தொடாததால், பாடுகிறவருக்கு எந்தச் சுருதி வசதியோ அங்கே இந்த வடிவத்தை அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். கவர்களோடு வாசிக்க இது ரொம்ப உதவியது. பழைய ரெக்கார்டுகள் சிலவற்றில் சுருதி கொஞ்சம் விலகியிருக்கும். அங்கே சுருதி காட்டும் ட்யூனரை ஓரம் வைத்துவிட்டு ரெக்கார்டோடு சேர்த்துக்கொள்வதுதான் வழி.

ஸ்வரங்கள் சரியாக விழுந்த பிறகும் ஒலி மட்டும் சேரவில்லை. காரணம் கருவி. மூலப் பதிவில் லாயிட் ட்ராட்மன் வாசித்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் பழைய டபுள் பேஸ். அதில் ஸ்வரம் ‘தும்’ என்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். எலெக்ட்ரிக் பேஸில் நாம் நிறுத்துகிறவரை நீண்டுகொண்டே போகும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) ஓரமாகக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, நகம் படாமல் கட்டைவிரல் சதையால் தட்டினேன். அந்த உருண்டையான, குட்டையான ஒலி வந்துவிட்டது. இந்தப் பாட்டில் ஸ்வரம் எவ்வளவு முக்கியமோ, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கும் காலி இடமும் அவ்வளவு முக்கியம். நீட்டி வாசித்தால் அந்த நடை போய்விடுகிறது.

இந்த வரி பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். ‘ட்ரிஃப்டர்ஸ்’ பாடகர் குழுவிலிருந்து வெளியே வந்த கிங், கையில் பாதிப் பாட்டோடு இருந்தார். பாடலாசிரியர் ஜெர்ரி லீபரும் அவரும் வரிகளைச் சரிசெய்துகொண்டிருக்க, லீபரின் இசைக் கூட்டாளி மைக் ஸ்டோலர் பியானோவில் உட்கார்ந்து இந்த பேஸ் வரியைப் போட்டார். 1960 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் பதிவு நடந்தது. கிங்கின் இன்னொரு பாட்டான ‘ஸ்பானிஷ் ஹார்லெம்’ பதிவானதும் அதே அமர்வில்தான். 1961-ல் வெளிவந்து அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடத்துக்கும், எல்லா வகைப் பாட்டுகளுக்குமான பில்போர்ட் ஹாட் 100-ல் 4-ஆம் இடத்துக்கும் போனது.

ஹெட்ஃபோனில் கவனித்துக் கேளுங்கள். முதலில் பேஸ், ஒரு முக்கோண மணி, பள்ளம் வெட்டிய சுரைக்காயைக் குச்சியால் சுரண்டும் கீரோ என்ற லத்தீன் வாத்தியம், அவ்வளவுதான். பிறகு குரல். அப்புறம் ஸ்டான்லி ஆப்பிள்பாம் எழுதிக்கொடுத்த வயலின்கள் அடுக்கடுக்காக ஏறி, நடுவில் பாட்டையே தங்கள் கையில் எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவு நடக்கும்போதும் பேஸ் தன் எட்டு பாரை விட்டு அசைவதில்லை. வயலின்கள் உயரும்போது நம் விரலும் தானாக அழுத்தமாகப் போகப் பார்க்கும். ட்ராட்மன் அப்படிப் போகவில்லை. ஆரம்பத்தில் என்ன பலமோ கடைசியிலும் அதேதான். கார்டு மாறாத ஒரு பாட்டு மூன்று நிமிடத்துக்குள் இவ்வளவு வளர்ந்த மாதிரி தோன்றுவதற்கு, கீழே ஒன்று வளராமல் நிற்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போட்டுக்கொண்டு, ஒலி கூடாமல் குறையாமல் முழுப் பாட்டையும் வாசிப்பது என் தினப் பயிற்சியாகிவிட்டது. விரல் வேகத்தைவிட இது கடினம்.

கிங்கின் பதிவுக்கும் முன்னோடி உண்டு. சார்ல்ஸ் ஆல்பர்ட் டிண்ட்லி என்ற கருப்பினப் போதகர் எழுதி 1905-ல் வெளியான கீர்த்தனை ஒன்றுக்கு இதே தலைப்பு. அதன் வழியில் சாம் குக்கும் ஜே. டபிள்யூ. அலெக்ஸாண்டரும் ‘ஸ்டாண்ட் பை மீ ஃபாதர்’ எழுத, ‘சோல் ஸ்டிரர்ஸ்’ குழு அதைப் பாடியது. கிங்குக்குப் பொறி கிடைத்தது அங்கிருந்துதான். பூமி நிலைமாறினாலும் மலைகள் கடலில் சாய்ந்தாலும் பயப்படோம் என்று பைபிளின் சங்கீதம் 46-ல் வருவதைப் படித்தவர்களுக்கு, பாட்டின் இரண்டாம் சரணம் எங்கிருந்து வந்தது என்பது கேட்டவுடனே தெரிந்துவிடும். கடவுளிடம் கேட்ட துணையை கிங் ஒரு மனுஷியிடம் கேட்கிறார். கருப்பினத்தவரின் சோல் இசையே அப்படிப் பிறந்ததுதான்.

இனி கவர்கள். ஓடிஸ் ரெடிங் பாடியது 1964-ல் ‘பெயின் இன் மை ஹார்ட்’ ஆல்பத்தில் வந்தது. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ பாணி, அதனால் வயலின் இருந்த இடத்தில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும். கிங் நிமிர்ந்து நின்று கேட்பதை ஓடிஸ் கெஞ்சிக் கேட்கிறார். சொற்களை உடைக்கிறார், இழுக்கிறார், தாளத்துக்குப் பின்னால் தள்ளிப் போடுகிறார். கூட வாசிக்கும்போது அவர் குரலைப் பின்தொடர்ந்தால் நாமும் பின்னால் சரிந்துவிடுவோம். டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதே 1964-ல் இன்னொருவரும் இதை சிங்கிளாகக் கொடுத்தார்: குத்துச்சண்டை வீரர் கேஷியஸ் க்ளே, பின்னாளில் முகமது அலி. குரல் சுமார்தான், உற்சாகம் நிஜம். 1967-ல் ஸ்பைடர் டர்னர் வேறொரு வேலை செய்தார். ஜாக்கி வில்சன், ஸ்மோக்கி ராபின்சன், பில்லி ஸ்டூவர்ட் என்று அன்றைய பாடகர்கள் இந்தப் பாட்டைப் பாடினால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவர் குரலிலும் மாற்றி மாற்றிப் பாடிக் காட்டினார். ஹாட் 100-ல் 12-ஆம் இடம் வரை போனது. தொடர்ந்து வாசிக்க அருமையான பதிவு. மேலே ஆள் மாறிக்கொண்டே இருக்க, கீழே நம் வேலை மாறுவதில்லை.

ஜான் லெனனின் பதிவில்தான் அதிக நேரம் செலவழித்தேன். 1975-ல் வந்த ‘ராக் அன் ரோல்’ ஆல்பம், தான் சிறுவயதில் கேட்டு வளர்ந்த பாட்டுகளை அவர் திரும்பப் பாடியது. இதுவும் ஏ மேஜர்தான், ஆனால் கதவைத் திறப்பது பேஸ் அல்ல, அக்கூஸ்டிக் கிட்டார். கிங்கின் பதிவில் காலியாக விட்டிருந்த இடத்தையெல்லாம் அந்த ஸ்ட்ரம்மிங் நிரப்பிவிடுகிறது. குரலில் எக்கோ. நடுவில் வயலின்கள் பாடிய இடத்தில் ஜெஸ்ஸி எட் டேவிஸின் ஸ்லைடு கிட்டார் (கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிப்பது). பேஸ் க்ளாஸ் வூர்மன். பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு அட்டைப்படம் வரைந்தவரும் அவரேதான். இங்கே ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, ஸ்வரத்தைக் கொஞ்சம் நீளவிட்டு வாசித்தேன். அப்போதுதான் கிட்டாரோடு ஒட்டியது. கிங் ‘நான் பயப்படமாட்டேன்’ என்னும்போது நம்பத் தோன்றுகிறது. லெனன் அதையே கத்திச் சொல்லும்போது, அவருக்குப் பயம் இருக்கிறது என்றுதான் எனக்குக் கேட்கிறது. இரண்டையும் நான் விரும்புகிறேன். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் கை முதலில் போவது லெனனிடம்தான்.

மிக்கி கில்லி 1980-ல் இதை கன்ட்ரி பாட்டாக்கி, கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தார். ஒழுங்கான பதிவு, எனக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழுவின் மாரிஸ் ஒயிட் 1985-ல் பாடினார். அடுத்த வருடமே இதே பெயரில் ஒரு ஹாலிவுட் படம் வர, கிங்கின் பழைய பதிவு 25 வருடம் கழித்து மறுபடி அமெரிக்காவில் 9-ஆம் இடத்துக்கு ஏறியது. பிரிட்டனில் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றும் சேர்ந்துகொள்ள, 1987-ல் முதலிடம். அத்தனை கவர்கள் வந்த பிறகு மக்கள் மூலத்தையே திரும்பத் தேடி வாங்கியிருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு ஆச்சரியம் 2007. ஷான் கிங்ஸ்டனின் ‘பியூட்டிஃபுல் கேர்ள்ஸ்’ இந்த பேஸ் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மெட்டு, வேறு வார்த்தைகளோடு வந்தது. ஹாட் 100-ல் முதலிடம். கிங்கின் குரலோடு 4 வரைக்கும் போன வரி, அவர் குரல் இல்லாமல் உச்சிக்குப் போய்விட்டது. பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இதைவிடத் தெம்பு தரும் செய்தி இருக்க முடியாது.

பிரின்ஸ் ராய்ஸின் 2010 பதிவு எனக்குப் புதிய பாடமாக இருந்தது. பிராங்க்ஸில் பிறந்த டொமினிக்கன் வம்சாவளிக்காரர், பாதி ஆங்கிலம் பாதி ஸ்பானிஷில் பச்சாட்டா என்ற டொமினிக்கன் ஆட்ட இசைப் பாணியில் பாடியிருக்கிறார். பச்சாட்டாவில் நாலாவது தட்டில் ஒரு அழுத்தம் விழும், ஆடுகிறவர்கள் இடுப்பை அசைக்கும் இடம் அது. என் ‘தகிட தகிட தக’வில் நாலாவது தட்டு சரியாகக் கடைசித் ‘தக’வின் ஆரம்பம். அங்கே கொஞ்சம் அழுத்திக் கொடுத்தேன், பழைய வரியே பச்சாட்டாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இதில் வியக்க ஒன்றுமில்லை. லீபரும் ஸ்டோலரும் அப்போது பிரேசிலின் பையோன் தாளத்தில் பித்தாக இருந்தவர்கள், கீரோ முதல் விநாடியிலிருந்தே இந்தப் பாட்டில் இருக்கிறது. பச்சாட்டாவில் சுரண்டப்படும் கீராவும் அதன் குடும்பம்தான், உலோகத்தில் செய்தது. ராய்ஸோடு லத்தீன் கிராமி மேடையில் கிங்கே வந்து பாடினார்.

‘ப்ளேயிங் ஃபார் சேஞ்ச்’ வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் தெருவில் பாடிக்கொண்டிருந்த ரோஜர் ரிட்லியின் குரலில் தொடங்கி, அந்தப் பதிவை ஊர் ஊராக எடுத்துப் போய், ஒவ்வொரு கலைஞருக்கும் ஹெட்ஃபோன் மாட்டி, முன்னால் பதிவானதைக் கேட்டபடியே பாட வைத்தார்கள். நியூ ஆர்லியன்ஸ், ஆம்ஸ்டர்டாம், தென் ஆப்பிரிக்கா என்று சேர்ந்துகொண்டே போகும். 2008-ல் அது உலகம் முழுக்கப் பரவியபோது ரிட்லி உயிரோடு இல்லை. அவர்கள் செய்த முறையையேதான் நானும் வீட்டில் செய்துகொண்டிருக்கிறேன் என்பதால் இந்தப் பதிவின் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆரம்பத்தில் ரிட்லியும் அவர் கிட்டாரும் மட்டும் இருக்கும் பகுதியில் நான் வாசிப்பதில்லை. அவர் கை தாளத்தை எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டுவிட்டு, மற்றவர்கள் வரும்போதுதான் சேர்ந்துகொள்கிறேன்.

அப்புறம் அமெரிக்கப் பாடகி ட்ரேஸி சாப்மன். 2015 ஏப்ரலில் டேவிட் லெட்டர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒற்றை எலெக்ட்ரிக் கிட்டாரோடு நின்று பாடினார். பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. அதே மாதம் 30-ஆம் தேதி பென் ஈ. கிங் காலமானார். அவருடைய பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்த்ததும் அந்த வருடம்தான், இறப்பதற்கு முந்தைய மாதம். சாப்மனோடு பல விதமாக வாசித்துப் பார்த்தேன்: முழு வரி, பாருக்கு ஒரே ஸ்வரம், கார்டு மாறும் இடத்தில் மட்டும். எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அவர் கிட்டார் தாளத்துக்குள்ளேயே அந்த நடை இருக்கிறது. ஆம்ப்பை (பேஸின் ஒலிபெருக்கியை) அணைத்துவிட்டுக் கேட்டேன்.

2018 மே 19 அன்று விண்ட்சரில் நடந்த இளவரசர் ஹாரி–மேகன் அரச திருமணத்தில் கேரன் கிப்சன் வழிநடத்த ‘கிங்டம் கொயர்’ பாடியது இந்த வரிசையில் கடைசி. மணமக்கள் இன்னும் எளிமையாக, இன்னும் எளிமையாக என்று கேட்கக் கேட்க, பலமுறை மாற்றி எழுதிய வடிவம் அது. கோவிலிலிருந்து புறப்பட்ட பாட்டு கோவிலுக்குள்ளேயே வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. தாளக்கட்டு தளர்ந்து, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மெதுவாக ஏறுகின்றன. மெட்ரோனோம் இங்கே செல்லாது. பாடுகிறவர்கள் மூச்சு எடுக்கும் இடத்தைக் கேட்டுத்தான் அடுத்த ஸ்வரத்தை வைக்க முடிகிறது. இதில் எனக்கு இன்னும் பிடி கிடைக்கவில்லை, வேலை பாக்கியிருக்கிறது.

இப்போதைய நிலை இது: மூலப் பதிவோடு தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே பலத்தில் வாசிக்க முடிகிறது. லெனனோடும் ராய்ஸோடும் தாராளமாக வருகிறது. ஓடிஸோடு பாதி. கூடப் பாடும் நண்பருக்கு ஏ உயரமாக இருப்பதால் ஜியில் வாசிக்கிறோம், வடிவம் இரண்டு ஃப்ரெட் கீழே வந்துவிட்டது. அங்கே தடித்த கம்பியில் ஈ மைனருக்கான ஈ திறந்த கம்பியில் விழுகிறது, மற்ற ஸ்வரங்களைவிட நீளமாக ஒலிக்கிறது. அதை இடது கை விரலால் தொட்டு அடக்கும் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. அது படிந்ததும் மாரிஸ் ஒயிட்டின் பதிவை எடுக்கப்போகிறேன்.